ஒரு சொல்லும் வெட்டாத நாடகம்: எட்டு மணி நேர ‘கேட்ஸ்’ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு நாவலை மேடைக்குக் கொண்டுவருவது என்றாலே முதல் வேலை வெட்டுவதுதான். யாரைத் தூக்குவது, எந்த இரண்டு பேரை ஒருவராக்குவது, எந்த அத்தியாயத்தை ஒரே வசனத்தில் கடந்துவிடுவது என்று உட்கார்ந்து மல்லுக்கட்டுவதற்குப் பெயர்தான் நாடகமாக்கம் என்று பழகிவிட்டோம். நியூயார்க்கைச் சேர்ந்த எலிவேட்டர் ரிப்பேர் சர்வீஸ் என்ற குழு, அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலைக் கையில் எடுத்தபோது இந்த வேலையையே செய்யவில்லை. ‘கேட்ஸ்’ என்ற அவர்களுடைய நாடகத்தில் நாவலின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, “என்றான்”, “என்றாள்” உட்பட, எதுவும் விடாமல் மேடையில் சொல்லப்படுகிறது. மேடை நேரம் மட்டுமே ஆறு மணி நேரத்துக்கு மேல். இரண்டு சின்ன இடைவேளை, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு நீண்ட இடைவேளை எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரம். பிற்பகலில் உள்ளே போனால் இரவு பத்து மணி போலத்தான் வெளியே வருகிறோம்.

2024 நவம்பரில் நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் இது திரும்பப் போடப்பட்டபோது பார்த்தேன், அதை வைத்துத்தான் இந்த ஆய்வு. நீண்ட நாடகம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மலையேறி இறங்கியவர்கள் மாதிரிப் பேசுவது வழக்கம்: இடுப்பு வலி, தூக்கம், “ஆனாலும் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன்”. அதெல்லாம் உண்மைதான், ஆனால் அது பார்வையாளரின் பெருமை, நாடகத்தின் பெருமை இல்லை. என் கேள்வி வேறு. ஒரு நாவலை மேடையேற்ற இவ்வளவு நேரம் தேவைப்பட்டால் அந்த நேரம் எதற்குச் செலவாகிறது? கதைக்கா? கேட்ஸ்பியின் கதையை இரண்டு மணி நேரத்தில் தாராளமாகச் சொல்லிவிடலாம், சொல்லியும் இருக்கிறார்கள். மிச்ச நேரம் முழுக்க ஒரே விஷயத்துக்குத்தான் போகிறது என்பது என் கணிப்பு: கதை சொல்கிறவனின் குரலைக் காப்பாற்றுவதற்கு.

நேரக் கணக்கு எளிது. நாவல் ஆங்கிலத்தில் சுமார் 49,000 சொற்கள். சத்தமாக, புரியும்படி வாசித்தால் நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஏறக்குறைய 327 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் மேல் நடிகர்கள் பேசாமல் இருக்கும் நேரம், விருந்துக் காட்சிகளின் கலாட்டா, சிரிப்பு அடங்கக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் ஆறு மணி தாண்டிவிடும். ஆக, இயக்குநர் ஜான் காலின்ஸ் பிரம்மாண்டமாக ஏதாவது செய்யலாம் என்று நினைத்து வந்த நீளம் இல்லை இது. வெட்டமாட்டோம் என்று முடிவெடுத்ததுமே நேரம் தானாக முடிவாகிவிட்டது. அப்புறம், இது நடக்க முடிந்ததே நாவல் சின்னது என்பதால்தான். டிக்கன்ஸின் ‘நிக்கோலஸ் நிக்கல்பி’ மூன்று லட்சம் சொற்களுக்கு மேல் வரும். அதே வேகத்தில் வாசித்தால் முப்பத்து மூன்று மணி நேரம் தாண்டும். அதையும் ஒரு குழு மேடையேற்றியது, வேறு வழியில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அலுவலகமும் புத்தகமும்

மேடையில், கதை நடக்கிற 1922ஆம் ஆண்டின் மாளிகை எதுவும் இல்லை. ஒரு நசிந்துபோன அலுவலகம். கோப்புகள் பிதுங்கும் அலமாரிகள், அட்டைப் பெட்டிகள், பழைய மேசைகள், ஒரு சோபா. அங்கே என்ன தொழில் நடக்கிறது என்று கடைசி வரை தெரியாது, தெரியவும் வேண்டாம். காலையில் ஒருவர் வேலைக்கு வருகிறார், கம்ப்யூட்டரைப் போடுகிறார், அது ஓடவில்லை. மறுபடி போட்டுப் பார்க்கிறார், ம்ஹூம். மேசையைத் துழாவும்போது முகவரி அட்டைகள் வைக்கிற டப்பாவுக்குள் ஒரு பேப்பர்பேக் புத்தகம் கிடைக்கிறது. வேறு வேலை இல்லை, சத்தமாக வாசிக்க ஆரம்பிக்கிறார். அவர் ஸ்காட் ஷெப்பர்ட், புத்தகம் ‘தி கிரேட் கேட்ஸ்பி’.

முதலில் தட்டையான வாசிப்புதான். நாவலின் தொடக்கப் பத்திகள் கதைசொல்லியான நிக் கேரவே தன்னைப் பற்றியும் தன் அப்பா சொன்ன அறிவுரை பற்றியும் நீட்டி முழக்குகிற பகுதி, வாசகர்களே தாண்டிப் போகிற இடம், அதை ஒரு குமாஸ்தாவின் குரலில் கேட்கும்போது ‘இப்படியே எட்டு மணி நேரமா’ என்று வயிற்றில் ஒரு கலக்கம் வரும். சக ஊழியர்கள் வருகிறார்கள், தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள், இவர் ஏன் வாசிக்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள். பிறகு மெதுவாக ஒன்று நடக்கிறது. யாரோ ஒரு ஊழியர் வாயிலிருந்து வருகிற வரி புத்தகத்தின் வசனமாக இருக்கிறது. கோல்ஃப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த பெண் கோல்ஃப் வீராங்கனை ஜோர்டன் பேக்கராக ஆகிவிடுகிறாள். மேலதிகாரி மாதிரித் தெரிந்தவர் நாவலின் நாயகன் கேட்ஸ்பி. எந்த நொடியில் மாறினார்கள் என்று பிடிக்க முயன்றேன், பிடிபடவில்லை. அவர்கள் முழுக்க மாறுவதும் இல்லை, அதுதான் விஷயம். கேட்ஸ்பி காதலிக்கிற டெய்சி அழுதுகொண்டிருக்கும்போதே பின்னால் ஒருவர் கோப்புக் கட்டு ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்.

இந்த அலுவலக ஏற்பாடு வெறும் தந்திரம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாவல் வாசிக்கிற எல்லோரும் செய்வது இதைத்தானே? நம்மைச் சுற்றி இருப்பவர்களின் முகங்களை எடுத்துப் பாத்திரங்களுக்கு ஒட்டிக்கொள்கிறோம், பாதி கவனம் கதையில், பாதி கவனம் அடுப்பிலோ பேருந்து நிறுத்தத்திலோ. மேடையில் நடப்பது கேட்ஸ்பியின் கதை என்பதைவிட, ஒரு மனிதனுக்குள் வாசிப்பு என்ன செய்கிறது என்பதன் கதை. மேடையின் ஓரத்தில் ஒலி அமைப்பாளர் தன் மேசையோடு எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்கிறார், கார் சத்தமோ இரவுப் பூச்சிகளின் சத்தமோ அங்கிருந்துதான் வருகிறது, சில நேரம் எழுந்து வந்து ஒரு பாத்திரத்தையும் பேசிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்கிறார். எதையும் மறைப்பதில்லை.

“என்றான்” என்பதை என்ன செய்வது?

நாடகமாக்குகிறவர்கள் முதலில் தூக்கி எறிவது “என்றான்”களைத்தான். வசனம் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறார், அப்புறம் எதற்கு? ‘கேட்ஸ்’ அதை வைத்துக்கொண்டதால் என்ன கிடைத்தது என்பதற்கு முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு உதாரணம் போதும். டெய்சியின் கணவன் டாம் ப்யூக்கனன் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, எனக்கு இங்கே நல்ல இடம் அமைந்திருக்கிறது என்கிறான். அதைச் சொல்லும்போது அவன் கண்கள் நிலைகொள்ளாமல் அலைகின்றன என்று நாவல் சேர்க்கிறது. மேடையில் டாமாக நிற்கிற நடிகர் வசனத்தைச் சொல்கிறார். கண்கள் அலைவதை ஷெப்பர்ட் வாசிக்கிறார். இப்போது நடிகர் என்ன செய்வார்? கண்களை உருட்டலாம், அப்படியென்றால் சொன்னதைச் செய்கிற பொம்மையாவார். சும்மா நிற்கலாம், அப்படியென்றால் கதைசொல்லி பொய் சொல்கிறான் என்றாகிவிடும். வாசிப்பவரைத் திரும்பி முறைக்கலாம், என்னைப் பற்றி நீ என்னடா எழுதுகிறாய் என்பது மாதிரி. இந்த மூன்றும் மாறி மாறி நாடகம் முழுக்க வருகின்றன, முதல் பாதியில் கிடைக்கிற சிரிப்பில் பெரும்பங்கு இதிலிருந்துதான்.

ஆனால் சிரிப்பு மேல் பூச்சுதான். நிக் கேரவே நடுநிலையான சாட்சி இல்லை. யாரையும் எடைபோடுவதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, ஒன்பது அத்தியாயமும் எல்லோரையும் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறவன். அமைதியாகப் புத்தகம் படிக்கும்போது இது கண்ணில் படாமல் போகலாம், ஏனென்றால் அந்தக் குரல் நம் தலைக்குள்ளேயே ஓடுகிறது, அதை நம் குரல் என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கே ஒருவர் சொல்கிறார், அவர் வர்ணிக்கிற ஆள் இரண்டடி தள்ளி நிற்கிறார். சொல்லுக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள தூரம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. திரைப்படங்களால் இதைச் செய்ய முடியவில்லை. 1974இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடித்த படத்தில் நிக் ஓரமாக நிற்கிற நல்ல பிள்ளை. 2013இல் டிகாப்ரியோ நடித்து வந்த படத்தில் பின்னணிக் குரலுக்கு ஒரு காரணம் வேண்டும் என்று நிக்கை மனநல விடுதியில் உட்கார வைத்து எழுதச் சொன்னார்கள். குரல் இருந்தது, ஆனால் பட்டாசும் இசையும் அதை மென்று தின்றுவிட்டன. படம் காட்டிவிடுகிறது, காட்டிய பிறகு சொல்வதற்கு வேலை இல்லை.

மேடை காட்டாமல் விடுவதுதான் இங்கே பலம். கேட்ஸ்பியாக வருகிற ஜிம் ஃப்ளெட்சர் உயரமானவர், தலையில் முடி குறைவு. கேட்ஸ்பியின் முடி தினமும் வெட்டிவிட்டது போல நறுவிசாக இருந்தது என்று வாசிக்கப்படும்போது அரங்கம் வெடித்துச் சிரிக்கிறது. சரி, ஒரு நகைச்சுவை, முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மூன்று நான்கு மணி நேரம் போன பிறகு, ஐந்தாம் அத்தியாயத்தில் டெய்சியை ஐந்தாண்டுகளுக்குப் பிறகு பார்க்கக் காத்திருந்து கேட்ஸ்பி தவிக்கிற இடத்தில், அதே ஆள் அதே முகத்தோடு நிற்கிறார், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தின் கேட்ஸ்பி இவர் மேல் படிந்துவிட்டார். இரண்டு மணி நேர நாடகத்தில் இது நடக்காது. நீளத்துக்கு ஒரு நியாயம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

உட்கார்ந்திருப்பது

நேரத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான்காம் அத்தியாயம் ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. அந்தக் கோடையில் கேட்ஸ்பியின் வீட்டுக்கு வந்தவர்கள் யார் யார் என்று, 1922 ஜூலை 5 முதல் அமல் என்று அச்சிட்ட பழைய ரயில் கால அட்டவணை ஒன்றின் ஓரங்களில் நிக் குறித்துவைத்த பட்டியல். பக்கக்கணக்கில் பெயர்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் கதையில் மறுபடி தலைகாட்டுவதே இல்லை. படிக்கும்போது கண் தானாக அடுத்த பத்திக்கு நழுவும். அரங்கத்தில் நழுவ முடியாது. முதல் பத்துப் பெயர்களுக்குப் பொறுமை, அடுத்த பத்துக்கு எரிச்சல், அதற்கப்புறம் இந்தப் பெயர்களின் அபத்தம் மெல்ல உறைக்கிறது, மூழ்கிப் போனவர், தற்கொலை செய்துகொண்டவர், தாராளமாகக் குடித்துவிட்டு வழியில் கிடந்தவர் என்று ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அரை வரியில் ஒரு முடிவு. அந்த வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரில் கேட்ஸ்பியின் இறுதிச் சடங்குக்கு அநேகமாக யாருமே வருவதில்லை என்று கடைசி அத்தியாயத்தில் வரும்போது, பட்டியல் முழுவதையும் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது வேறு மாதிரி விழுகிறது. வெட்டுகிறவர் முதலில் வெட்டியிருக்கக்கூடிய பகுதி இது.

இதனால் எல்லா நேரமும் நன்றாகத்தான் போனது என்று அர்த்தமில்லை. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அரங்கம் கனமாகிவிட்டது. எனக்கு முன் வரிசையில் ஒருவர் தலை தொங்கித் தூங்கினார், விழித்தபோது கதையை எந்தச் சிரமமும் இல்லாமல் பிடித்துக்கொண்டார் என்று பட்டது. இது ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை. புத்தகம் படிக்கும்போதும் இரண்டு பக்கம் கண் மட்டும் ஓடி மனம் வேறெங்கோ போய்விட்டு வருகிறதே. ஷெப்பர்டின் குரல் அதற்கு இடம் கொடுக்கிறது. சட்டையைப் பிடித்து உலுக்குகிற நடிப்பு இல்லை. போய்விட்டு வா, நான் வாசித்துக்கொண்டுதான் இருப்பேன் என்கிற மாதிரியான ஒரு நிதானம். அதே சமயம் ஆறாம் அத்தியாயம் நிஜமாகவே தொய்ந்தது, அதற்குத் தூக்கத்தின் மேல் பழிபோட முடியாது. கேட்ஸ்பியின் பூர்வீகம், ஜேம்ஸ் கேட்ஸ் என்ற ஏழைப் பையன் டான் கோடி என்ற பணக்காரனின் படகில் ஏறி வேறு ஆளாவது எல்லாம் முழுக்க வர்ணனை. மேடையில் மற்றவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கோப்புகளை நகர்த்தினார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். நாடகத்துக்குப் பெயர் கொடுத்த பகுதியே மேடையில் பலவீனமாக இருந்தது.

போக நினைப்பவர்கள் கேட்கிற கேள்வி, நாவலை முன்னாலேயே படித்துவிட்டுப் போகணுமா என்பது. வேண்டாம். படித்தவர்கள் அடுத்து என்ன வரும் என்று வரிகளைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், இடைவேளையில் அவர்கள் பேச்சே அதைப் பற்றித்தான். படிக்காதவர்கள்தான் ஏழாம் அத்தியாயத்தின் கார் விபத்தில் உண்மையாகவே திடுக்கிட்டார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு இடைவேளைகளில் நிறையப் பேச வேண்டிவரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பேச்சு பிடிக்காதவர்கள் ஓரத்து இருக்கை எடுத்துக்கொள்வது நல்லது.

எதிர்த் திசையில் போனவர்கள்

‘நிக்கோலஸ் நிக்கல்பி’யை ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 1980 ஜூனில் லண்டன் ஆல்ட்விச் தியேட்டரில் இரண்டு பாகங்களாக மேடையேற்றியது. எட்டரை மணி நேரம். நாடக வடிவம் டேவிட் எட்கர், இயக்கம் ட்ரெவர் நன், ஜான் கேர்ட். கம்பெனியில் பணத்தட்டுப்பாடு. பல நாடகங்களுக்குப் பதிலாக எல்லா நடிகர்களையும் வைத்து ஒரே ஒரு பெரிய நாடகம் போடுவோம் என்ற முடிவிலிருந்து பிறந்தது அது. கஞ்சத்தனத்திலிருந்து அவ்வளவு பெரிய விருந்து வந்தது ஒரு வேடிக்கை. சுமார் நாற்பது நடிகர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். ஆரம்பத்தில் கூட்டம் சுமார்தான், விமர்சனங்களும் அப்படித்தான். டைம்ஸ் நாளிதழில் பெர்னார்ட் லெவின் மனம் திறந்து பாராட்டி எழுதிய பிறகு டிக்கெட்டுக்கு அடிபிடி. 1981இல் நியூயார்க்கின் முக்கிய நாடக வட்டாரமான பிராட்வேக்குப் போனபோது டிக்கெட் 100 டாலர், அந்தக் காலத்துக்கு அது வாயைப் பிளக்க வைக்கிற விலை, அப்படியும் ஓடியது, 1982இல் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கியது.

அங்கேயும் கதைசொல்லியின் குரல் பிரச்சினை இருந்தது. எட்கர் அதைப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டார். டிக்கன்ஸின் குரலை ஒரே ஆளிடம் தராமல் மொத்தக் குழுவும் ஆளுக்கு ஒரு வரியாகச் சொல்லும், நடிகர் தன் பாத்திரத்தைப் பற்றியே படர்க்கையில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த நொடி அதற்குள் புகுந்துவிடுவார். டிக்கன்ஸுக்கு இது பொருந்துகிறது, அவருடைய கதைசொல்லி ஊருக்கே பொதுவான ஆள், எல்லாம் தெரிந்தவர், கோபக்காரர். நிக் கேரவேயின் குரலை இப்படிப் பிய்த்துக் கொடுத்தால் நாவலே செத்துப்போகும், அது ஒரே ஒரு ஆளின் நினைவு. ஒரே அளவு நீளமுள்ள இரண்டு நாடகங்கள், ஒன்றில் குரல் நாற்பது பேரிடம், மற்றதில் ஒருவரிடம். நீளத்தை வைத்து இரண்டையும் ஒரே வகை என்று அடுக்குவது எவ்வளவு மேலோட்டமானது என்று இதில் தெரியும்.

டிக்கன்ஸ் விஷயத்தில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. நாவல் 1838-39இல் மாதத் தொடராக வந்துகொண்டிருக்கும்போதே, கதை முடியுமுன், லண்டன் மேடைகளில் அதன் திருட்டு வடிவங்கள் வந்துவிட்டன. முடிவு தெரியாமலே முடிவை எழுதிப் போட்டார்கள். கடுப்பான டிக்கன்ஸ் நாவலுக்குள்ளேயே ஒரு இலக்கியப் பெருந்தகையைக் கொண்டுவந்து, 247 நாவல்களை அவை வெளிவந்த வேகத்தில், சிலவற்றை வெளிவருவதற்கும் முன்பே, நாடகமாக்கியவர் என்று அறிமுகப்படுத்திக் குத்தினார். நாவலை மேடையேற்றுகிறவர்கள் மேல் எழுத்தாளர்களுக்கு இருக்கிற சந்தேகம் அவ்வளவு பழையது.

உரிமை என்ற சிக்கல்

அந்தச் சந்தேகம் ‘கேட்ஸ்’ஸையும் விடவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940இல் இறந்துவிட்டார், ஆனால் 1925இல் வெளிவந்த நாவலின் உரிமை அமெரிக்காவில் அவருடைய வாரிசுகள் சார்பான அறக்கட்டளையிடம் இருந்தது. 2005 வாக்கில் குழு நியூயார்க்கில் இதைக் காட்ட முனைந்தபோது அனுமதி கிடைக்கவில்லை, அதே நாவலின் வழக்கமான நாடக வடிவம் ஒன்று பிராட்வேயைக் குறிவைத்துக்கொண்டிருந்தது. முழு நாவலையும் சொல்கிறோம், ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை என்பது அறக்கட்டளைக்குச் சாதகமாகத் தோன்றும் என்று நாம் நினைப்போம். சட்டத்தின் பார்வையில் அது நிலைமையை மோசமாகத்தான் ஆக்குகிறது: கொஞ்சம் எடுத்தோம் என்று வாதாடக்கூட வழி இல்லை, எடுத்தது முழுவதும்.

ஆகவே நியூயார்க் குழு தன் நாடகத்தை நியூயார்க்கைத் தவிர மற்ற இடங்களில் காட்டிக்கொண்டு திரிந்தது. 2006 மே மாதம் பிரஸ்ஸல்ஸ் விழாவில் முதல் காட்சி. அதே ஆண்டு ஜூலையில், சைமன் லெவி எழுதிய அந்த வழக்கமான வடிவத்தோடு மினியாபொலிஸில் கத்ரி தியேட்டர் தன் புதிய கட்டடத்தைத் திறந்தது. செப்டம்பரில் ‘கேட்ஸ்’ அமெரிக்காவில் முதன்முதலாக மேடையேறியதும் மினியாபொலிஸில்தான், வாக்கர் கலை மையத்தில். ஒரே ஊரில் ஒரே கோடையின் இரண்டு முனைகளில் இரண்டு கேட்ஸ்பிகள். இன்று யார் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொந்த ஊரான நியூயார்க்கில் அனுமதியோடு போட 2010 ஆகிவிட்டது, அதே பப்ளிக் தியேட்டரில். 2012இல் லண்டன் போனபோது சிக்கல் இல்லை, ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டுகள் முடிந்து பிரிட்டனில் நாவல் பொதுச்சொத்தாகியிருந்தது. அமெரிக்காவில் அது 2021 ஜனவரி 1 அன்றுதான் நடந்தது. இந்த அலைச்சல் நாடகத்துக்கு ஒரு விதத்தில் நல்லதே செய்தது என்று நினைக்கிறேன், சொந்த ஊர் விமர்சகர்கள் முன் வந்தபோது அது பல ஊர்களில் ஓடித் தேய்ந்து பழுத்திருந்தது.

வெட்டாததன் கசப்பு

ஒன்றையும் வெட்டமாட்டேன் என்றால் அழுக்கையும் வெட்ட முடியாது. கேட்ஸ்பியின் கூட்டாளி மையர் வுல்ஃப்ஷைமை நாவல் வர்ணிக்கிற விதம் யூதர்களைப் பற்றிய கேலிச்சித்திரம்தான், மூக்கிலிருந்து உச்சரிப்பு வரை. குவின்ஸ்பரோ பாலத்தில் கறுப்பினத்தவர் மூவர் வெள்ளைக்கார ஓட்டுநர் ஓட்டும் காரில் போவதைப் பார்த்து நிக் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பத்தி இருக்கிறது. இன்று புதிதாக நாடகமாக்குகிற யாரும் இவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள், அதில் தவறும் இல்லை. ‘கேட்ஸ்’ விடவில்லை. பாலத்துப் பத்தி வாசிக்கப்பட்டபோது அரங்கத்தில் ஒரு சங்கடமான அசைவு ஓடியது, இருக்கைகள் முனகின. எனக்கு அந்த இடம் முக்கியமாகப் பட்டது: டாம் வெளிப்படையாக இனவெறி பேசுகிறவன், அவனைப் பார்த்து நாம் வசதியாக முகம் சுளிக்கலாம், ஆனால் இது நம்முடைய நல்லவன் நிக்கின் சிரிப்பு. குரலைக் காப்பாற்றுகிறேன் என்றால் இதையும் சேர்த்துத்தான். ஆனாலும் வுல்ஃப்ஷைம் காட்சியில் நாடகம் எந்த நிலையும் எடுக்கவில்லை, கொஞ்சம் நடித்துவிட்டுக் கடந்துபோனது, அங்கே உண்மையுள்ள வாசிப்பு என்பது ஒளிந்துகொள்ள ஒரு இடமாக ஆகிவிட்டது என்று சொல்லத்தான் வேண்டும்.

பெண்களும் இதில் இழக்கிறார்கள். டெய்சி, ஜோர்டன், டாமின் ஆசைநாயகி மர்ட்டில் மூவரும் நிக்கின் வாக்கியங்களுக்குள் அடைபட்டவர்கள். ஆண் நடிகர்களுக்கு அந்த வாக்கியங்களோடு மல்லுக்கட்ட இடம் கிடைத்த அளவு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. மர்ட்டில் வீட்டு விருந்து மட்டும் விதிவிலக்கு, காகிதங்கள் பறக்க, பாட்டில்கள் உருள, அலுவலகமே குப்பையாகிற அந்தக் காட்சியில் அவள் முழு ஆளாக இருந்தாள். டாம் அவள் மூக்கை உடைப்பதோடு அதுவும் முடிந்தது.

கடைசிப் பகுதியில் ஷெப்பர்ட் புத்தகத்தை மூடிவிடுகிறார். பார்க்காமலே சொல்கிறார். அவருக்கு முழு நாவலும் மனப்பாடம் என்பது ஊரறிந்த விஷயம், எங்கிருந்து தொடங்கச் சொன்னாலும் தொடர்வார் என்பார்கள். அப்படியானால் இவ்வளவு நேரம் புத்தகத்தைக் கையில் வைத்திருந்ததே ஒரு நடிப்பு என்று அப்போது உறைக்கிறது. அலுவலகக் குமாஸ்தா போய், நிக் மட்டும் மிஞ்சுகிறார். இதற்கு முன்பே கேட்ஸ்பியின் அப்பா வந்து மகன் சிறுவனாக இருந்தபோது எழுதிய தினசரி அட்டவணையைக் காட்டுகிற இடம் வந்துவிடுகிறது. 2010இல் அந்தக் கிழவராக நடித்தவர் ஜிம் ஃப்ளெட்சரின் சொந்த அப்பா ராஸ் ஃப்ளெட்சர். தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சி தாங்க முடியாது, தெரியாமல் பார்த்தாலும் ஒன்றும் குறையாது.

இந்த முறை மற்ற நாவல்களுக்குச் செல்லுமா என்ற கேள்விக்குக் குழுவே பதில் சொல்லிவிட்டது. ஃபாக்னரின் ‘தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’யை 2008இல் எடுத்தபோது முதல் பகுதியை மட்டும் சொல்லுக்குச் சொல் செய்தார்கள். ஹெமிங்வேயின் ‘தி சன் ஆல்ஸோ ரைசஸ்’ ஸை 2010இல் ‘தி செலக்ட்’ என்று மேடையேற்றியபோது தாராளமாக வெட்டினார்கள். ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ இரண்டரை லட்சம் சொற்களுக்கு மேல், முழுக்க வாசித்தால் ஒரு நாளுக்கு மேல் ஓடும். அதை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தார்கள். விட்டுத் தாண்டுகிற பகுதிகள் வரும்போது திரையில் எழுத்துகள் விர்ரென்று ஓடும், டேப்பை வேகமாக ஓட்டுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம், நடிகர்கள் அதில் தள்ளாடுவார்கள். வெட்டியதை மறைக்கவில்லை, வெட்டுகிறோம் என்று சத்தம் போட்டே வெட்டினார்கள். முழுசாகச் சொல்வது என்பதை அவர்கள் ஒரு கொள்கையாக வைத்துக்கொள்ளவில்லை, கேட்ஸ்பிக்கு மட்டும் அது தேவைப்பட்டது.